மூடிய கைக்குள் அப்பம்

லீலாபாய் அன்று காலையில் மூன்று தடவை சேலை கட்டினாள். கொசுவம் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்; நிலைகொள்ளாதது அவள் மனசுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து; கர்த்தரின் உடலாக எண்ணி ஆளுக்கொரு துண்டு மைதா அப்பம் உண்ணும் நாள். போன மாதம் அப்பம் வாங்க எழும்பாமல் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து கிணற்றடியில் அவள் தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

"இன்னைக்கும் குத்துக்கல்லு மாதிரி இருந்திராதட்டி," என்றான் புருஷன் ராஜையன். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்; ஊர் வாய்க்கு ரொம்பப் பயந்தவன். "என்ன பாவம் செய்தாளோன்னு கேக்காவ. நகத்தளவு துண்டுலே என்ன வந்திரும்?"

"ஈஸ்டருக்குத் தின்னுட்டு அஞ்சு நாளு நான் பட்ட பாட்ட நீங்க கண்டியள்லா?"

"வேற எதாவது தின்னுருப்ப."

அவளுக்கு அழுகை முட்டியது. நெல் விளையும் நாட்டிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரேஷன் கடையில் கோதுமை போட்டார்களே, அப்போது தொடங்கிய வயிற்றுப்போக்கு. ஏழு வருஷம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு உருகிப்போனாள். சீக்காளி ஆயிற்றே என்று எதிர்வீட்டு ஞானபாய் நாள் தவறாமல் கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டினாள். கொடுமையைப் பாருங்கள், அந்தக் கஞ்சிதான் ஆளைத் தின்றுகொண்டிருந்தது!

கடைசியில் ஆசுபத்திரி டாக்டரம்மா கண்டுபிடித்தாள். சீமையில் இப்போதுதான் விளங்கிய சீக்காம். கோதுமை, மைதா, ரவை ஒரு பொடிகூட ஆகாது, சாகும்வரை ஆகாது என்றுவிட்டாள். சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று மூன்றே மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. மனசு கேட்குமா? டீக்கடையைக் கடக்கும்போது பன் வாசனைக்கு நாக்கு ஊறும். விசேஷ வீடுகளில், "ஒரு வாய் தின்னா செத்தா போவ?" என்று இலையில் வைப்பார்கள். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது. ஞானபாயோ, தன் கஞ்சியைக் குற்றம் சொல்லிவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சபைக்கு அப்பம் சுடுகிறவளும் அவளேதான்.

அன்று லீலாபாய் எழுந்து போனாள். போதகர் கையில் வைத்த துண்டை வாயருகே கொண்டுபோய், தின்பதுபோல் பாவனை காட்டிக் கையை மூடிக்கொண்டாள். எறியவும் முடியாது, தின்னவும் முடியாது. ஆராதனை முடியும் வரை அந்தக் கையை விரிக்கவே இல்லை.

வாசலில் ஞானபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கைய விரி, பாப்போம்."

விரித்தாள். வியர்வையில் ஊறிய அப்பம்.

"அய்யோ! கர்த்தருக்க அப்பத்தக் களவாண்டுட்டாளே!"

கூட்டம் கூடியது. போதகரும் வந்துவிட்டார். லீலாபாயின் பொறுமை அற்றுப்போயிற்று. "எடுத்தாலும் குத்தம், எடுக்காட்டாலும் குத்தம்! தின்னு செத்தாத்தான் நம்புவியளா? இந்தா, தின்னுதேன்!" துண்டு உதட்டில் பட்டுவிட்டது.

ராஜையன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். "வேண்டாம் லீலா! தின்னாத." போதகர் பக்கம் திரும்பினான். "நிர்ப்பந்திச்சது நானாக்கும் ஐயா. இவ துவண்டு கெடந்தத எனக்க கண்ணால கண்டுட்டு, ஊருக்குப் பயந்து பொய்யின்னு சொன்னேன்."

போதகர் அந்தத் துண்டை வாங்கித் தாமே உண்டார். "வயிறு நோகக் கர்த்தர் விருந்து வைக்கமாட்டாரு, மக்கா. நீ என்கிட்ட நேரே வந்து சொல்லியிருக்கலாம்."

ஞானபாய்க்கு முகம் வெளிறிவிட்டது. "அப்போ டாக்டரம்மா சொன்னது நெசமாக்கும்? ஏழு வருஷம் எனக்க கையால ஊட்டுனேனே!"

"நீங்க அறியாம தந்தது, அக்கா. உங்க மேல எனக்கு வருத்தமில்ல."

ஞானபாய் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அரிசி மாவுல சுட்டா உனக்கு ஆகுமா?"

"ஆகும். மைதா சுட்ட சட்டியில மட்டும் சுடாதீங்க, அக்கா."

"புதுச் சட்டி வாங்குதேன்." எழுந்து, வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். ஒருத்தி எனக்கு ஆகாதுன்னு சொன்னா நம்பணும். பாசத்துல ஊட்டுனாலும், பக்தியில குடுத்தாலும், ஆகாதது ஆகாததுதான்."