சாப்பிடத் தடையில்லை

“ஒரே ஒரு வரி ஹெஸ்டர். ‘ஆபத்து கூடியிருக்கிறது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா மத்ததை நான் பாத்துக்கறேன்,” என்றான் பியர்ஸ். அந்த மனநலக் குழுவின் மேலாளர் அவன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குரலை உயர்த்தாமலே நினைத்ததைச் சாதித்துக்கொள்பவன் என்று அதற்குள் பெயர் வாங்கியிருந்தான். மேசைமேல் கிடந்த அவனுடைய கைப்பேசியில் ஒரு படம் திறந்திருந்தது. ஸ்கெல்பி ஊரில் அதற்குள் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஏப்ரன் கட்டிய ஒரு கனத்த மனிதன் குனிந்து வெங்காயம் நறுக்குகிறான், கையில் நீளமான கத்தி. பக்கத்தில் ஒட்டவைத்திருந்த இன்னொரு படத்தில் கல்யாணக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் சிரிக்கிறான். கீழே கொட்டை எழுத்தில், ‘அண்ணனைக் குத்திக் கொன்றவன் கையால் நம் பெற்றோருக்குச் சாப்பாடு.’

ஹெஸ்டர் படத்தை மறுபடி பார்க்கவில்லை. “யாருக்கு ஆபத்து?” என்றாள்.

“என்ன?”

“கூடியிருக்குங்கறீங்களே, யாருக்கு? ராய்ஸ்டன் நல்லாத் தூங்கறான். ஊசி ஒரு தடவை தவறல. குரல் எதுவும் கேக்கல, யார் மேலயும் சந்தேகம் இல்ல. அவன் வீட்டு ஜன்னல்லதான் யாரோ முட்டை அடிச்சிருக்காங்க. ஆபத்துன்னு நான் எழுதினா, ஊரால அவனுக்குன்னுதான் எழுதணும்.”

“பத்திரிகைக்காரங்க விடாம போன் பண்றாங்க.”

“அது அவனோட வியாதி இல்லியே பியர்ஸ்.”

பியர்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஹெஸ்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தின் ஓய்ந்த கிரேன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, திங்கட்கிழமை மருத்துவரும் மற்றவர்களுமாக உட்கார்ந்து முடிவெடுக்கும்வரை ராய்ஸ்டன் அந்தச் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது, இது தன் உத்தரவு என்றான். “அந்த வரி இல்லாமலே கூட்டத்துக்கு வந்தீங்கன்னா நீங்க தனியாத்தான் நிப்பீங்க,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

“நின்னுக்கறேன்,” என்றாள் ஹெஸ்டர்.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். உளவியலாளரான அவளே எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நிபந்தனையின்பேரில் வெளியே விட்ட ஒருவனை மறுபடி பூட்டிய வார்டுக்குள் கொண்டுபோய்ப் போட ஒரு மத்தியானம் போதும். உள்ளே போனவன் வெளியே வரத்தான் வருடக்கணக்கில் ஆகும். மனநோயின் பிடியில் கொலையோ தீவைப்போ செய்து, சிறைக்குப் பதிலாகக் காவல் உள்ள ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி ஊருக்குள் திரும்பியவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குழுவின் வேலை. அவர்களோடு உட்கார்ந்து பேசுவது ஹெஸ்டரின் வேலை. பேசுவதற்கா சம்பளம் என்று அவள் அக்காவே கேட்டிருக்கிறாள்.

ராய்ஸ்டன் அவளிடம் முதலில் வந்தபோது, “அன்னிக்கு நடந்துச்சே, அது நடந்தப்போ” என்றுதான் சொல்வான். வானத்திலிருந்து எதுவோ விழுந்த மாதிரி. ஹெஸ்டர் விடவில்லை. “நடந்துச்சா? யாரு நடத்தினது?” என்று மாதக்கணக்கில் கேட்டாள். ஒருநாள் எழுந்து கதவை அறைந்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான். “அண்ணன் டெனிஸை நான் கொன்னேன்,” என்றான். “அவன் முகத்தை மாட்டிக்கிட்டு வேற யாரோ வந்திருக்கான்னு நெனச்சேன். கீழ விழுந்தப்புறம் பாத்தா, டெனிஸ்தான்.” அன்றைக்கு ஹெஸ்டர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நோய் வந்தது அவன் குற்றமில்லை. ஆனால் கை அவனுடையது. இந்த இரண்டையும் ஒருசேரத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரிந்தவனால்தான் ஊருக்குள் இருக்க முடியும் என்று அவள் நம்பினாள்.

சமையலறை யோசனை அவனுடையதுதான். பழைய மீன் ஏலக் கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவார்கள். நடத்துபவள் நோரீன். கப்பல் சமையல்காரனின் மகள், வாய் நீளம். வேலை கேட்பதற்கு முன்னால் தன்னைப் பற்றி அவளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று ராய்ஸ்டன் பிடிவாதமாக இருந்தான். எப்படிச் சொல்வது என்று ஹெஸ்டரோடு பலமுறை சொல்லிப் பழகினான். நேரில் போனதும் பழகியதெல்லாம் மறந்து, ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். நோரீன் முழுவதையும் கேட்டாள். அப்புறம், “வெங்காயம் நறுக்கத் தெரியுமா கண்ணு?” என்றாள்.

அது போன வசந்தத்தில். இப்போது ஊரே அவனை நறுக்குகிறது.

பியர்ஸின் உத்தரவைச் சொல்ல ஹெஸ்டர் அவன் வீட்டுக்குப் போனாள். முட்டை காய்ந்த ஜன்னலை அவன் கழுவியிருந்தான், ஆனாலும் கண்ணாடியில் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“கால் வைக்கக் கூடாதுன்னா எங்க? கூடத்துலயா, சமையக்கட்டுலயா?”

“சமையக்கட்டுல.”

“அப்போ சாப்பிடத் தடையில்ல.”

ஹெஸ்டருக்கு முதலில் புரியவில்லை.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. மீன் பை, மேல உருளைக்கிழங்கு போட்டுச் சுட்டது. நான் முன்வாசல் வழியாப் போய் உக்காந்து சாப்பிடப்போறேன். எல்லார் மாதிரியும்.”

“ஆளுங்க இருப்பாங்க ராய்ஸ்டன். போன் வச்சுக்கிட்டு நிப்பாங்க. வாய்க்கு வந்ததச் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். அவங்க சொல்றதுல பாதி நெசந்தானே.” கோப்பையைக் கையில் உருட்டினான். “ஒளிஞ்சு கெடந்தா, இவன் ஏதோ திட்டம் போடறான்னு அர்த்தம். வெளிய வந்தா, எவ்வளவு தைரியம் பாருன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுதான்னா நான் சாப்பிட்டுட்டே திட்டு வாங்கிக்கறேன்.”

அவனைத் தடுக்க வேண்டும் என்று அவளுக்குள் பழகிப்போன ஒரு குரல் சொன்னது. அது பியர்ஸின் குரல் மாதிரியே இருந்ததை நினைத்து எரிச்சல் வந்தது. இவனுக்கு இது வீம்பா, நோயின் தொடக்கமா என்று நிதானமாகப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது. பயந்திருந்தான், பயத்தை மறைக்கவும் இல்லை.

“நான் எதிர்ல உக்காருவேன்,” என்றாள்.

“உங்களுக்கு மீன் ஆகாதே.”

“ரொட்டி தின்னுக்கறேன்.”

வெள்ளிக்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஏலக் கூடத்தின் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். படத்தைப் போட்ட டெரில் நடுவில் நின்றான். மொழுமொழுவென்று சிரைத்த தலை, கையில் உயர்த்திப் பிடித்த போன். “வர்றாரு பாருங்க சமையல்காரரு!” என்றான். ஒரு பெண், “வெக்கமா இல்ல?” என்று கத்தினாள். ராய்ஸ்டன் நின்று அவள் பக்கம் திரும்பி, “இருக்கு,” என்றான். அவள் ஓரடி பின்வாங்கினாள். அந்த இடைவெளியில் அவனும் ஹெஸ்டரும் உள்ளே போனார்கள்.

அவர்கள் உட்கார்ந்த நீள மேசையில் இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்கு மாறினார்கள். காது கேட்காத ஒரு கிழவர் மட்டும் நகரவில்லை. “உருளைக்கிழங்கை யாருய்யா வெட்டினது இன்னிக்கு? செங்கல்லு மாதிரி இருக்கு!” என்று பொதுவாக இரைந்தார். நோரீன் சுமந்துவந்த தட்டை ராய்ஸ்டனுக்கு முன்னால் டங்கென்று வைத்தாள். “வெட்டறவனை வரவேணாம்னுட்டாங்க. என் கைக்கு இவ்வளவுதான் வரும். சாப்பிடு கண்ணு,” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

ராய்ஸ்டன் முள்கரண்டியை எடுத்தான். அந்தச் சின்னக் கரண்டிமேல் எத்தனை கண் விழுந்தது என்பதை ஹெஸ்டர் முதுகிலேயே உணர்ந்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய். டெரில் உள்ளேயே வந்து போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். தட்டில் பாதி காலியாகியிருக்கும்போது வாசற்கதவு மறுபடி திறந்தது. ராய்ஸ்டனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“லொரெய்ன்,” என்றான், மூச்சோடு மூச்சாக.

டெனிஸின் மனைவி. ஹெஸ்டர் அவளைப் பார்த்ததில்லை. அவள் இருக்கும் தெருப்பக்கம் போகக் கூடாது, எதிர்ப்பட்டால் அந்தக் கணமே விலகிவிட வேண்டும் என்பது ராய்ஸ்டனின் நிபந்தனைகளில் முதலாவது. அவன் எழுந்துவிட்டான். ஆனால் வெளியே போக ஒரே வாசல், அதை அடைத்துக்கொண்டு நனைந்த கோட்டோடு லொரெய்ன் நின்றிருந்தாள். இன்னொரு வழி சமையற்கட்டு வழியாகப் பின்முற்றத்துக்கு. அங்கேதான் அவன் கால் வைக்கக் கூடாது. ராய்ஸ்டன் வாசலைப் பார்த்தான், சமையற்கட்டைப் பார்த்தான். டெரிலின் போன் அவன் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

நோரீன் பரிமாறும் மேசையின் மடிப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்துச் சமையற்கட்டுக்கு வழி விட்டாள்.

“போ,” என்றாள் ஹெஸ்டர். “உத்தரவை மீறச் சொன்னது நான். போ.”

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, எதன் மேலும் பட்டுவிடாதபடி, அடுப்புக்கும் கத்திகளுக்கும் நடுவே நடந்து பின்கதவைத் திறந்துகொண்டு போனான்.

“ஓடறான் பாருங்க!” என்றான் டெரில். “லொரெய்ன் அக்கா, கவலப்படாதீங்க, நாங்க இருக்கோம்...”

லொரெய்ன் நேராக அவனிடம் வந்தாள். குட்டையான பெண். டெரில் குனிய வேண்டியிருந்தது.

“என் கல்யாண போட்டோ அது. யாரைக் கேட்டு எடுத்த?”

“உங்களுக்காகத்தான் அக்கா. டெனிஸ் அண்ணனுக்கு நியாயம்...”

“எனக்காகவா? அவன் செத்தப்போ எம் பொண்ணுக்கு நடக்கத் தெரியாது. இப்ப அவளுக்கே ரெண்டு புள்ள. இத்தன வருஷத்துல ஒரு நாள் எங்க வீட்டுக் கதவ நீ தட்டியிருக்கியா? குளிர்ல ஹீட்டர் நின்னுபோச்சே, அப்ப வந்தியா? இப்ப என் பேத்தி போன்ல பாக்கறா, அவ தாத்தா மூஞ்சியக் கத்தி பக்கத்துல.” குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “டெனிஸ் என் ஆளு. உன் கொடி இல்ல. எடு அத. என் கண் முன்னால எடு.”

டெரில் சிவந்துபோய்க் கட்டைவிரலால் போனைத் தடவினான். அழித்தாயிற்று என்று அவன் தலையசைக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் போன பிறகு ஹெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதான் ராய்ஸ்டனைப் பாத்துக்கற ஆளா?”

“ஆமா.”

“நான் அவனை மன்னிக்கல.”

“மன்னிக்கணும்னு நான் கேக்க மாட்டேன். வேற யாராவது கேட்டா, கேக்கக் கூடாதுன்னு சொல்வேன்.”

லொரெய்ன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அவன் என்ன சொல்றான்? அதப் பத்தி?”

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படுகிறது என்று ஹெஸ்டருக்கு நன்றாகவே தெரிந்தது. “அத நான் சொல்ல முடியாது,” என்றாள். “என்கிட்ட நீங்க வந்து பேசினாலும் அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

லொரெய்ன் ராய்ஸ்டனின் பாதித் தட்டு கிடந்த மேசையைத் தாண்டிப் போய், இரண்டு மேசை தள்ளி, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். “நோரீன், எனக்கும் ஒரு தட்டு போடு,” என்றாள். “இந்தச் சாரல்ல இவ்வளவு தூரம் வந்தது சும்மா போறதுக்கா?”

ஹெஸ்டர் சமையற்கட்டு வழியாகவே பின்முற்றத்துக்குப் போனாள். மீன்பெட்டிகள் அடுக்கிய சுவரோரம் ராய்ஸ்டன் மழையில் நின்றான். கைகள் இன்னும் மார்பில் கட்டியபடி இருந்தன.

“போயிட்டாளா?”

“இல்ல. சாப்பிடறா.”

அவன் அதை மனதுக்குள் எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல நின்றான். “திங்கட்கிழமை என்ன சொல்லுவீங்க?” என்றான்.

“பாத்ததச் சொல்லுவேன்.”

“சமையக்கட்டு வழியா வந்ததையுமா?”

“அதைத்தான் மொதல்ல.”

“உங்க வேலை?”

“அது என் தலைவலி. உன்னோடதுல கை வைக்கவே எனக்கு நேரம் போதல.”

அவன் சிரிக்க முயன்றான். வாய் கோணிக்கொண்டது. முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பின்கதவு திறந்தது. நோரீன் ஆவி பறக்கும் இரண்டு கிண்ணங்களை நீட்டினாள். ஆப்பிள்மேல் மாவு உதிர்த்துச் சுட்ட க்ரம்பிள், மேலே தாராளமாக மஞ்சள் கஸ்டர்டு. “உள்ள வந்துதான் தின்னணும்னு இல்ல. வெளிய கூரை இருக்கு, அதுக்கடியில நில்லுங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தபடியே விட்டுப் போனாள். உள்ளே தட்டுகளின் சத்தமும் அந்தக் காது கேட்காத கிழவரின் இரைச்சலும் கேட்டன. இரண்டடி தள்ளி இருந்த தகரக் கூரையை இருவரும் பார்த்தார்கள். இருவருமே நகரவில்லை. சுவரில் சாய்ந்து, தோளோடு தோள் படாத தூரத்தில் நின்று சாப்பிட்டார்கள். கஸ்டர்டின்மேல் மழைத்துளி விழுந்து விழுந்து சின்னக் குழிகளாக்கியது. ராய்ஸ்டன் குழி விழுந்த இடத்தையெல்லாம் முதலில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.