போகாத கறை

மூடிக்கிடந்த நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துவிடுவதுதான் பம்ப்காரருக்கு வேலை. மேலே வரும்போது அது கண்ணாடி மாதிரி இருக்கும். தொட்டியில் நின்று காற்றுப் பட்டதும் கலங்கி, அடியில் மஞ்சள் சேறாகப் படிந்துவிடும். அதை வழித்து வழித்துக் கொட்டியதில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேடே எழும்பியிருந்தது. அதை என்ன செய்வதென்று மேனேஜருக்கும் தெரியவில்லை.

அந்தச் சேறு சட்டையில் பட்டால் போகாது என்பது மட்டும் பம்ப்காரரின் மனைவிக்கு நன்றாகத் தெரியும். தையல் வேலை பார்ப்பவள். துணி பாழாவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் சட்டையோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்தாள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவள். வந்தவள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணி, நான் அடிக்கிற பெயிண்ட் ரெண்டு மழைக்கே பல்லை இளிக்குது. இது உங்ககிட்ட இத்தனை அடி வாங்கியும் அசையலையே!"

அண்ணியின் கை நின்றது. "அப்போ இதையே சுவத்துல அடிச்சா என்ன?"

பம்ப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் குப்பையை வீட்டுலேர்ந்து வெளிய கொட்டுவாங்க. நீங்க வெளிய கிடக்கிறதை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்றீங்க!"

ஆனாலும் மேனேஜரிடம் கேட்டார். "மேட்டையே தூக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றார் அவர். ஆனால் சோதித்த பிறகுதான் என்றார். சோதனைக்கூடத்துப் பெண் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இரும்புத் துருதான். விஷம் எதுவும் இல்ல. அரைக்கும்போது மட்டும் மூக்கைக் கட்டிக்குங்க."

மொட்டை மாடியில் சேறு காய்ந்தது. இரண்டு பெண்களும் அதை இடித்து, பழைய புடவைத் துணியில் சலித்து, பசைத் தண்ணீரில் கரைத்து வீட்டு முன்சுவரில் அடித்தார்கள். சுவர் பழுத்த மாம்பழம் போல் மின்னியது. மேனேஜரே பார்க்க வந்தார். சுவரில் சாய்ந்து நின்று வெகுநேரம் பாராட்டினார். அப்படியே அலுவலகக் கூட்டத்துக்குப் போனார். அவர் முதுகு முழுக்க மஞ்சள்! அன்று அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி எதுவென்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பம்ப்காரர் வேலைக்கே தயங்கித் தயங்கித்தான் போனார். மேனேஜர் அவரை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சுவத்துல ஒட்ட வைக்கிறது என் பொறுப்பு" என்று நாத்தனார் வரிந்துகட்டினாள். ஆளிவிதை எண்ணெய் விட்டு, கல்லில் வைத்துக் கை வலிக்க அரைத்து, சுவரில் மறுபடி அடித்தாள். இந்த முறை காய நாளானது. ஆனால் தேய்த்தாலும் விரலில் ஒட்டவில்லை.

அடுத்தது தற்செயலாக நடந்தது. ஈரமாக இருந்த கொஞ்சம் பொடியைச் சட்டென்று உலர்த்த, பழைய இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவளோடு பேச்சில் மூழ்கிவிட்டாள் அண்ணி. ஞாபகம் வந்து ஓடிப்போனால், சட்டியில் மஞ்சளைக் காணோம். செக்கச் செவேலென்று வேறு ஒரு பொடி!

"ஏங்க, தீய விட்டுட்டேன்!" என்று கத்தினாள்.

எட்டிப் பார்த்த நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். "தினமும் தீய விடுங்க அண்ணி. ஒரே சேத்துல ரெண்டு கலர்!"

பம்ப் அறைக்கு மஞ்சள், அதன் கதவுக்குச் சிவப்பு என்று மேனேஜரே முதலில் சொன்னார். பிறகு பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்து பெஞ்சுகள், பேருந்து நிறுத்தம். ஒரே வருடத்தில் மேடு கரைந்துபோனது. தொட்டியில் புதிதாகப் படிவது மட்டும்தான் மிச்சம்.

ஒரு காலையில் நாத்தனார் காலி டிரம்களோடு தொட்டியருகே வந்து நின்றாள்.

"அண்ணே, சீக்கிரம் வழிச்சுக் குடு. ஆஸ்பத்திரி கேட் பாதியில நிக்குது."

பம்ப்காரர் இடுப்பில் கைவைத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் இன்னும் தெளிவாகவே இருந்தது.

"என்னை ஏன் விரட்டுற? தொட்டிக்குள்ள குனிஞ்சு நீயே சொல்லு, கொஞ்சம் வேகமாத் துருப்பிடிக்கச் சொல்லி!"

அவள் உண்மையிலேயே குனிந்து கத்தினாள்.