சின்னவளின் ஸ்பானிஷ் பாடம்

சின்னவளுக்கு ஸ்பானிஷ் மேல் ஆசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடல் தாண்டி இருக்கும் அக்கா மகளுக்கு அந்த மொழியை விட்டால் வேறு பேச்சு கிடையாது. தமிழில் அது அறிந்த ஒரே சொல் "சித்தி". அதற்காகத்தான் பல்செட் செய்யும் கூடத்தில், மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்துக்கொண்டே இவள் வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன் ஸ்பானிஷக் கேட்டு இந்தப் பல்லெல்லாம் இளிக்குது பாரு" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"இளிக்கட்டும். உன்ன மாதிரி வாயடிக்காம இருக்கே, அது போதும்."

பெரியவள் வைத்தியத்துக்காகத் தாய்வீடு வந்தாள், பிழைக்கவில்லை. அத்தான் அந்த நாட்டுக்காரர், அடியோடு இடிந்துபோன மனுஷன். "குழந்தைகிட்ட இப்ப சொல்லாதம்மா, நான் நேரம் பார்த்துச் சொல்றேன்" என்று இங்கிலீஷில் கெஞ்சினார். இவளும் தலையாட்டித் தொலைத்தாள். அந்த நேரம்தான் வந்தபாடில்லை. அம்மா தூங்குகிறாள், அம்மாவால் பேச முடியாது, டாக்டர் வந்திருக்கிறார் என்று இவள் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்து வந்தாள்.

வீட்டுப்பாடம் முழுக்கக் குரல்பதிவுதான். இவள் வாக்கியங்களைச் சொல்லி அனுப்புவாள்; இரண்டாம் வகுப்புப் பொடிசு ஸ்பானிஷிலேயே திருத்தி அனுப்பும். "சித்தி, நாக்கை உருட்டுங்க! கல்லை மெல்லுற மாதிரி இருக்கு!" வாத்தியார் வேலை பார்ப்பதில் அதற்கு அப்படியொரு குஷி.

அன்றைய பாடம், நடக்காத ஒன்றை 'நடந்தால்' என்று பேசுவது. விதி என்னவோ சுலபம்தான். 'அப்லாரோன்' என்றால் பேசினார்கள். அதன் வாலில் உள்ள 'ரோன்' போய் 'ரா' வந்தால் 'அப்லாரா'. சாப்பிட்டார்கள் என்ற 'கொமியேரோன்', 'கொமியேரா' ஆகும். வாழ்ந்தார்கள் என்ற 'விவியேரோன்', 'விவியேரா' ஆகும். ஒழுங்கான வினைகளெல்லாம் ஒரே அச்சில் வந்து விழுந்தன. தமிழிலானால் 'இருந்தா' என்று இழுத்துச் சமாளிக்கலாம். ஆள் இருக்கிறாளா இல்லையா என்று சட்டென்று பிடிபடாது. இந்தப் பாழாய்ப்போன 'ரா' முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடுகிறது.

விரலெல்லாம் மெழுகு. எப்போதும்போல் போனில் பதிவுப் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிட்டு, கை படாமல் பேச ஆரம்பித்தாள். பூனை பேசினால் பால் கேட்கும். நான் நிறையச் சாப்பிட்டால் குண்டாவேன். புத்தகத்து வாக்கியங்கள் தீர்ந்தன. பல் ஒன்று சாய்ந்திருந்தது. கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கி அதை நிமிர்த்தினாள். அந்த வேலையிலேயே மூழ்கிப்போய், பதிவு ஓடுவதை மறந்து, கற்ற பாடத்தைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "சி மி எர்மானா விவியேரா..." அக்கா உயிரோடு இருந்தால் இந்தக் குழந்தையிடம் நான் பொய் சொல்ல வேண்டியிருக்காது. சொல்லிவிட்டு முழங்கையால் அமுக்கி அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஐயோ! கையைத் துடைத்துக்கொண்டு அழிக்கப் போவதற்குள், அங்கே கேட்டு முடித்ததற்கான அடையாளம் விழுந்துவிட்டது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கெடுத்துட்டேன்டி. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

பதில் வந்தது. முதல் வாக்கியத்தில் உச்சரிப்பைத் திருத்தியிருந்தது. இரண்டாவதற்குக் களுக்கென்று சிரித்திருந்தது. அப்புறம் வெறும் மூச்சுச் சத்தம்.

"சித்தி, கடைசியா சொன்னது புத்தகத்துல இருக்கிறதா? இல்ல, நீங்களா சொன்னதா?"

புத்தகத்தில் இருப்பது என்று சொன்னால் போதும். குழந்தை நம்பிவிடும், நம்பத்தான் கேட்கிறது. அத்தானுக்குக் கொடுத்த வாக்கும் தப்பும். எவ்வளவு நாளைக்கு அந்தப் பச்சைமண்ணை ஏமாற்றுவது? போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நானா சொன்னதுதான், கண்ணு."

அதையும் அது கேட்டுவிட்டது. இவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருத்தம் எதுவும் வரவில்லை.