பனியில் ரோடு போடுகிற மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவருக்குப் பனியில் ரோடு போடுகிற வேலை. அதைக் கேட்டதும் அப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பனியிலயா?"

"ஆமாங்க, தென் துருவத்துல. ரோடும் போடுவோம், பிளேன் எறங்கற ஓடுபாதையும் போடுவோம். தாரு, ஜல்லி எதுவும் கெடையாது. பனிய அமுக்கியே போடறதுதான்."

விஜயராஜுக்குப் பொய் சொல்லுகிற முகம் இல்லை. ஆனால் எங்கள் அப்பா ராஜாக்கண்ணு ஒருமுறை முகத்தை நம்பிச் சூடு பட்டவர். அக்கா செவ்வந்தியைக் கட்டிக்கொண்டவன் திருப்பூரில் சூப்பர்வைசர் என்றான். போய்ப் பார்த்தால் வேலையும் இல்லை, குடியிருக்க வீடும் இல்லை. அக்கா திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கும் அவள்தான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

விஜயராஜ் செல்லில் வீடியோ காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டல், அதில் ஒரு டிராக்டர், அதன் பின்னால் பெரிய இரும்பு உருளை. அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"செல்லுல இன்னா வேணா காட்டலாம் தம்பி. இப்பல்லாம் செத்தவனயே பேச வெக்கிறானுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜமுனாமரத்தூர் ரோடு வேலையில் விஜயராஜ் ரோலர் ஓட்டியதை ஊரே பார்த்திருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. அவர் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தவள் நான். அதை அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

விஜயராஜ் கோபப்படவில்லை. "கொஞ்சம் தூள் உப்பு இருக்குமாங்க?" என்று கேட்டார். ஜாடியோடு கொண்டுபோய் வைத்தேன். மழைக்காலம், உப்பு நசநசவென்று இருந்தது. தாங்கள் கொண்டுவந்த பித்தளைத் தட்டிலிருந்து பூவையும் பழத்தையும் எடுத்துவிட்டு அதில் உப்பைக் கொட்டினார்.

"புதுப் பனி இப்டிதாங்க இருக்கும். கால வெச்சா இடுப்பு வரைக்கும் பூந்துடும்."

பிறகு டம்ளரின் அடியால் அமுக்கினார். மேலே கொஞ்சம் தூவி மறுபடி அமுக்கினார். "இப்டிதான் உருளைய இழுத்துக்கினு போவோம். அமுக்கினா மட்டும் பத்தாது, அப்பறம் சும்மா விட்டுடணும். ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும். இது ராத்திரி கெடந்தா காலையில கல்லாட்டம் ஆயிடும்."

அப்பா காலை வரை எங்கே பொறுத்தார்? அப்போதே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. விரல் பொதுக்கென்று உள்ளே போனது.

"இதுலதான் பிளேனு எறங்குதா?" என்று எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கூட வந்திருந்த விஜயராஜின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மட்டும் நிதானமாக அந்தக் குழியில் உப்பை நிரப்பி அமுக்கிவிட்டு, "ஈரம் படாத எடமா வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்களின் தட்டு வெறுமையாகத் திரும்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். எதையாவது வைத்து அனுப்பினால் சம்மதம். வாயால் சொல்லி மனஸ்தாபம் வளர்க்க வேண்டியதில்லை.

"காலையில தட்ட காலி பண்ணிக் கழுவி வையி. நானே குடுத்துட்டு வர்றேன்" என்றார் அப்பா.

அன்றைக்கு ராத்திரி தட்டை அடுப்புக்குப் பக்கத்தில் அனல் படுகிற இடமாக வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினாள்.

காலையில் தட்டைக் கவிழ்த்தேன். உப்பு விழவில்லை. தரையில் தட்டினேன், கரண்டிக் காம்பால் நெம்பினேன். ம்ஹூம்.

"இன்னாடி சத்தம்?" அப்பா வந்தார்.

"உப்பு வர மாட்டேங்குதுப்பா."

அவர் தட்டை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். நகம்தான் வலித்திருக்கும். தட்டைத் தரையில் வைத்துக் குதிகாலை ஊன்றி முழு பாரத்தையும் கொடுத்து நின்றார். அசையவில்லை. நேற்று தன் விரல் போட்ட குழி எங்கே என்று குனிந்து தேடினார். அது தெரியவே இல்லை.

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "ராத்திரி கெடக்கணும்னு சொன்னான் இல்ல?"

"சொன்னாருப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். "செவ்வந்தி, ஒனக்குப் பாத்தவன நான் ஒரு வெரல் வெச்சிக்கூட அழுத்திப் பாக்கலியேம்மா" என்றார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். தட்டை உப்போடு துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"எங்கப்பா போறீங்க?"

"குடுத்துட்டு வர்றேன்."

"இன்னும் காலி பண்ணலியே?"

"காலியாவுலன்னா நான் இன்னா பண்றது?" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.