ஜவுளிக்கடை வாசலில் மூன்று நிறம்

1934-இல் மலாயாவின் ஜொகூர் பாருவில் சபாபதி புதிதாக ஜவுளிக்கடை கட்டியபோது, தரைக்கு மொசைக் பதிக்கும் வேலை கேப்ரியலுக்குக் கிடைத்தது. அதுவரை அவன் பதித்ததெல்லாம் பூவும் கொடியும்தான். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து வந்த வரைபடத்தில் பூ இல்லை. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறத்தில் சாய்சதுரங்கள் மட்டும். பார்த்தவுடனே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆறு வாரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளிருந்து வாசல்வரை பின்னாலேயே நகர்ந்து, ஒரு சில்லுகூடப் பிசகாமல் பதித்து முடித்தான்.

கடை திறந்த அன்று முதலில் வந்தவள் தெப்ராவ் ரப்பர் தோட்டத்து அங்கம்மா. வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். படி ஏறுவதுபோலக் காலை உயரத் தூக்கி வைத்தாள். அங்கே படி இல்லை. தடுமாறி, அடுக்கி வைத்திருந்த வேட்டிக் கட்டுகள்மேல் போய் விழுந்தாள்.

அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அடுத்து வந்த இரண்டு பேரும் வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

"கேப்ரியல், கடைக்கு வர்றவங்கள உருட்டி விடவா தரை போட்ட? எல்லாத்தயும் பேத்து எடு. பூவே போடு," என்றார் சபாபதி.

"தரை மட்டமாத்தான் இருக்கு மொதலாளி. வேணும்னா ரசமட்டம் வச்சுப் பாருங்க."

"ரசமட்டமா துணி வாங்க வருது?"

கேப்ரியலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தான். ஆறு வாரமும் உட்கார்ந்தே பார்த்தவன், வாசலில் நின்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. இப்போது தரை, பெட்டி பெட்டியாக அடுக்கியதுபோல எழும்பி நின்றது. வெள்ளை மேல்பக்கம், சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு நிழல்.

"அலமாக்," என்று மலாய்க்காரர்போல மெதுவாக வியந்தான்.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அங்கம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நான் பொய் சொல்லல தம்பி. படிதான் தெரியுது."

"ஆமாக்கா. எனக்கும் தெரியுது."

சபாபதியிடம் பத்து நாள் கேட்டு வாங்கினான். ஆட்கள் நடக்கிற இடம் முழுவதும் கறுப்புச் சில்லுகளை மட்டும் உளியால் பெயர்த்து, அங்கேயும் சிவப்பையே பதித்தான். நிழல் போனதும் பெட்டிகள் படுத்துக்கொண்டன. வெள்ளைக்கு நடுவே சிவப்பு அம்புகள் கடைக்குள் போவதுபோல வரிசை தெரிந்தது.

வேலை முடிந்த மறுவாரம் அங்கம்மா வந்தாள். கால் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நேராக நடந்துபோய்ச் சேலை எடுத்துக் காட்டச் சொன்னாள்.

"இது நல்லாருக்கு," என்றார் சபாபதி. கேப்ரியல் தலையாட்டினான். முதலில் போட்டதுதான் அழகு என்பதை வீட்டுக்குப் போய் மனைவி இன்பராணியிடம் மட்டும் சொன்னான்.

"அப்ப நம்ம அடுப்படியில போடுங்க," என்றாள் அவள். "நான் பாத்து நடந்துக்கிறேன்."