இருக்கிறது இருக்கிறபடியே

தடதடவென்று யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டதும் தையற்காரி மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். வந்தவர் கணவனின் அண்ணன். கீழே வாசலில் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் சம்மட்டியும் ஏணியுமாக நின்றார்கள்.

கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு. மாடிக்கு ஒரே வழியான வெளிப்பக்கத்து மரப்படிக்கட்டு யாருக்கு என்பதில்தான் வழக்கு. கணவன் காலையிலேயே கோர்ட்டுக்குப் போயிருந்தான். “ஸ்டேட்டஸ் கோ கிடைச்சாப் போதும். லத்தீன் வார்த்தையாம். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும், யாரும் கை வெக்கக்கூடாதுன்னு அர்த்தம்” என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

அதே அர்த்தத்தை அண்ணனுக்கும் அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். கூடவே ஒரு விஷமத்தையும். ஆர்டர் வரும் நேரத்தில் படி இருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் இல்லாதபடியே இருக்கும். படித்த மனுஷன் சொல்லிக்கொடுக்கிற புத்தியைப் பாருங்கள்!

“மரியாதையா சாமானை எடுத்துக்கிட்டு இறங்கும்மா. படி இன்னிக்குப் போயிடும்.”

“உங்க தம்பி வரட்டும் மாமா.”

“அவன் வந்து என்ன கிழிக்கப்போறான்?”

படி போனால் துணி தைக்க யார் வருவார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் எப்படி மேலே வருவாள்? மெஷினை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனின் போன் அலறியது. “என்னது, நம்ம கேஸைக் கூப்பிட்டாச்சா?” அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தினார். “அடிங்கடா! சீக்கிரம்!”

சம்மட்டி இறங்கியது. ஒவ்வோர் அடியும் அவள் நெஞ்சில் விழுந்தது. “ஐயோ, நிறுத்துங்க!” என்று அவள் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. மடமடவென்று முறிந்து படிக்கட்டு மொத்தமும் தரையில் சாய்ந்தது. தூசி அடங்குவதற்குள் அவள் போன் அடித்தது.

“கிடைச்சிருச்சு! இனிமே யாரும் தொட முடியாது!” கணவன் குதித்தான்.

“தொட்டுட்டாங்கங்க. படியே இல்ல.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். “ஆர்டர்னா ஆர்டர்தாம்மா. இனி இது இப்படியேதான்.” மிடுக்காகக் கதவைத் திறந்து காலை வெளியே வைக்கப்போனவர், சட்டென்று நிலையைப் பிடித்துக்கொண்டார். கால் வைக்க அங்கே என்ன இருக்கிறது?

“மேஸ்திரி, அந்த ஏணியைச் சாத்துப்பா.”

மேஸ்திரி அசையவில்லை. “ஆர்டர் வந்தாச்சுங்களா?”

“வந்தாச்சு, வந்தாச்சு.”

“அப்ப நான் மாட்டேங்க. ஆர்டர் வந்தப்புறம் ஒரு ஆணியத் தொட்டாலும் ஜெயில்தான்னு காலையிலேருந்து நீங்கதான சொல்லிக்கிட்டே இருந்தீங்க? நான் பிள்ளைகுட்டிக்காரன்.” கையோடு ஏணியையும் தூக்கிக்கொண்டு அவர் தெருவுக்குப் போய்விட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க மாமா. நீங்களும் இருக்கிறபடியே இருங்க.”

அவர் உட்காரவில்லை. வாசலை எட்டிப் பார்த்தார், பின்வாங்கினார், மறுபடி எட்டிப் பார்த்தார். அவள் அதற்குள் ஒரு சட்டைக்குக் காலர் தைத்து முடித்தாள்.

கடைசியில் அவர் கை நீட்டினார். “அவனுக்குப் போனைப் போடு.” போனை வாங்கித் தொண்டையைச் செருமினார். “டேய் தம்பி, உங்க வக்கீல்கிட்ட கேளு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதிச்சா, படி கட்ட ஜட்ஜு விடுவாரா?”

“கைப்பிடி வெச்சுக் கட்டணும்னு சொல்லுங்க மாமா” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி.