மதிலுக்கு வெளியே ஒரு சாட்சி

விடியுமுன்பே சாரத்தில் ஏறிவிட்டோம். வாவிக் காற்றின் ஈரத்தில் சாந்து இறுக மறுத்தது. விரல் வெடிப்புகளுக்குள் சீமெந்து புகுந்து எரிந்தது. சிறைச்சாலை மதிலை இன்னும் ஆறடி உயர்த்துவது எங்கள் வேலை. அடியில் வெள்ளைக்காரன் வைத்த கல், அதன்மேல் சண்டைக் காலத்துச் செங்கல், அதற்கும் மேலே எங்கள் சீமெந்துக் கல். ஒவ்வொரு ஆட்சியும் தன் பயத்துக்கு ஏற்றபடி உயர்த்தியிருக்கிறது. உள்ளே கிடப்பவர்கள் மட்டும் எந்தக் காலத்திலும் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஏழைகள்தான்.

இப்போது நிதுர்ஷனும் உள்ளே. எங்களோடு கல் அடுக்கியவன். உக்கிய சாரம் முறிந்து இஷாமின் கால் உடைந்தபோது, இரும்புச் சாரம் வரும்வரை ஒருவரும் ஏறக்கூடாது என்று மறித்தவன். மறுநாளே அவன் கம்பி திருடியதாக, எங்களுக்கு வேலை தரும் கொந்தராத்துக்கார முதலாளி பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். கண்ட சாட்சியாகக் கையெழுத்து வைத்தது கந்தப்போடியாகிய நான். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதியிருந்தது, விளங்கவில்லை என்று பெண்சாதியிடம் சொன்னேன். அதுவும் பொய். முதலாளி தமிழில் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். வேலை போய்விடுமென்று போட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று காலை, சாப்பாட்டுப் பார்சலோடு வந்த நிதுர்ஷனின் மனைவி கேதீஸ்வரி என்னைக் கண்டு சாரத்தடியில் நின்றாள்.

“அண்ணன், செவ்வாய்க்கிழம வழக்கு. அவர் களவெடுக்கிற ஆளில்லெண்டு கோட்டுல வந்து சொல்லுவீங்களா? உங்களத்தான் அவர் நம்பியிருக்கார்.”

செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கீழே இறங்கினேன்.

“அவருக்கெதிரா சாட்சிக் கையெழுத்து வெச்சது நான்தான், தங்கச்சி.”

சாரத்தின் மேல் சாந்துக் கரண்டிகளின் சத்தம் நின்றது. பொல்லூன்றிச் சாந்துக்கு மண் அரித்துக்கொண்டிருந்த இஷாம்தான் முதலில் பேசினான்.

“கம்பி முதலாளிட லொறியில போனத நானும் கண்டன். வாய் திறக்கல்ல.”

தாங்களும் கண்டதாக இன்னும் இரண்டு பேர் தலைகுனிந்து சொன்னார்கள். ஆக, நான்கு பேர் சேர்ந்துதான் அவனை உள்ளே வைத்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. மற்றவர்களும் சாரத்தை விட்டு இறங்கினார்கள்.

வேலை நின்றதைக் கண்டு கொந்தராத்துக்காரர் வந்தார். விஷயம் அறிந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

“பொய்ச்சாட்சி சொன்னனெண்டு ஒத்துக்கொண்டா உன்னத்தான் உள்ள போடுவாங்க, கந்தப்போடி.”

“போடட்டும் முதலாளி. நாலு பேரும் போறம்.”

மற்றவர்கள் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை தங்களுக்கும் கோட்டில் வேலை இருக்கிறது என்றார்கள்.

கேதீஸ்வரி அழவில்லை. என்னை மன்னிக்கவும் இல்லை. எட்டு மணிக்குக் கோட்டு வாசலில் நிற்பதாக இஷாமிடம் சொல்லிவிட்டு நடந்தவள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எல்லாரும் வாங்க. நீங்க முன்னுக்கு வாங்க.”